ஈரச்சாக்கு

கும்மிடிப்பூண்டி
12-4-1970

டேய் மணவாளா,

உனக்கு இனிமே கடுதாசியே போடக் கூடாதுன்னு வீம்பா இருந்தவ நானு. இப்ப போடுறேன்னா உம் மேல கோவம் தீர்ந்துபூட்ச்சின்னு நெனைச்சிக்காத. தீரல. எம் புள்ள துலுக்காணத்தை எனக்குத் தெரியாம திருவள்ளூருக்கு இட்டுனு போய், பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற வரிசையில நிக்க வெச்சவன் நீ. தாய்மாமன் பண்ற வேலையாடா அது? கேட்டா, "லாரியில கிளீனரா கெடக்கிறதுக்கு இது எவ்ளோ மேலு அக்கா"ன்னு சொன்னே. லாரியில கெடந்தா இன்னா கெட்டுப்பூட்ச்சி? அவங்க நைனா ஆயுசு பூரா லாரிதான் ஓட்டுனாரு. மஞ்சக்காமாலை வந்து செத்தாரே தவிர குண்டடி பட்டுச் சாகல.

அத்த வுடு. பெங்களூருல டிரைவர் பயிற்சி முடிஞ்சிபூட்ச்சாம். அடுத்து எங்க போடுவாங்கன்னு தெரியல, பார்டரா கூட இருக்கலாம்னு எழுதிகிறான். படிச்சதுலேர்ந்து எனக்குச் சோறு எறங்கல. நீ பட்டாளத்து வண்டிங்களைத்தானே ஓட்டிப் பார்த்து சரி பண்ற வேலையில கீறே. அந்த மேஜருங்களை எல்லாம் உனக்குத் தெரியும். எப்படியாவது சொல்லி அவனை உம் பக்கத்துலயே வெச்சுக்க. இட்டுனு போனவன் நீ, பத்திரமா வெச்சுக்கிறதும் நீதான். எனக்கு வேற யாரும் இல்லடா.

நாஷ்டா கடை ஓடுது. வெயில் இப்பவே போட்டு வாங்குது. கல்கத்தா ரோட்டுல பெட்ரோல்ல ஓடுற பழைய லாரிக்காரனுங்க எல்லாம் கடையாண்ட நிறுத்தி, சூடு தணியறதுக்குச் சாக்கை நனைச்சு இஞ்சின்ல போட்டுகினு போறானுங்க. என் தொட்டித் தண்ணி பாதி அவனுங்க வண்டிக்கே போவுது. வேணாம்னு சொல்ல மனசு வரல.

பதில் போடு.

கனகாம்பாள்


முகாம், ராஜஸ்தான்
30-4-1970

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தில் இருந்த திட்டுகளை எல்லாம் வாங்கிக்கொண்டேன். திட்டவாவது எழுதினாயே என்று சந்தோஷம்.

நீ கேட்டது நடந்துவிட்டது. மேஜரிடம் பேசினேன். எங்கள் சோதனைக்கு நல்ல ஓட்டுநர்கள் வேண்டும் என்று அவர்களே தேடிக்கொண்டிருந்தார்கள். துலுக்காணம் போன திங்கட்கிழமை இங்கே வந்து சேர்ந்தான். என் கூடாரத்துக்கு அடுத்த வரிசையில்தான் படுக்கிறான். சப்பாத்தி இறங்கவில்லை என்று முகத்தைச் சுளிக்கிறானே தவிர, வேறு குறையில்லை. கவலையை விடு.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று ஊரில் யார் கேட்டாலும் "வண்டி ஓட்டிப் பார்க்கிறான்" என்கிறாய். அது முழுக்கத் தப்பு இல்லை. புதிதாக ஒரு வண்டி செய்தால் அது முதல் வருஷமே ஒழுங்காக ஓடாது. அதை மணலில், மேட்டில், வெயிலில் ஓட்டி, உடைய விட வேண்டும். ஏன் உடைந்தது என்று கண்டுபிடித்து, அந்தப் பாகத்தை மாற்றி, மறுபடியும் உடைகிறதா என்று பார்க்க வேண்டும். கோளாறு ஒவ்வொன்றும் எழுத்தில் ஏற வேண்டும். எழுதாத கோளாறு உள்ளேயே இருந்துவிடும். அதை எழுதுகிறவன் நான். வண்டி எவ்வளவு நேரம் நிற்காமல் ஓடுகிறது என்பதைக் கட்டம் போட்ட தாளில் கோடாக இழுப்பேன். கோடு ஏறினால் எல்லோருக்கும் மகிழ்ச்சி.

போன கோடையில் கோடு ஏறவே இல்லை. இந்த வெயிலில், இஞ்சினோடு ஒட்டியிருக்கும் பெட்ரோல் பம்பு சூடாகி, உள்ளே போகிற பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்கிறது. இஞ்சின் இருமி இருமி நின்றுவிடும். இந்த வருஷம் குழாயை வேறு வழியாகக் கொண்டுபோயிருக்கிறோம். பார்ப்போம்.

இங்கே யாரும் யாரையும் சுடுவதில்லை. நாங்கள் எங்கள் வண்டியோடு மட்டும்தான் சண்டை போடுகிறோம்.

உன் தம்பி
மணவாளன்


கும்மிடிப்பூண்டி
2-7-1970

மணவாளா,

நீ நல்லா இருக்கணும்டா. உன் கடுதாசியை நாலு பேர்கிட்ட படிச்சுக் காட்டிட்டேன். பெரியபாளையம் போய் பவானி அம்மனுக்குப் பொங்கல் வெச்சுட்டு வந்தேன். குங்குமம் இதுல மடிச்சு வெச்சிகிறேன், ரெண்டு பேரும் இட்டுக்குங்க.

துலுக்காணமும் எழுதிகிறான். இன்னா பெருமை அவனுக்கு! உங்க வண்டி மத்தியான வெயில்ல மொண்டி அடிச்சுகினு நின்னுதாம். மத்த டிரைவருங்க எல்லாம் பேந்தப் பேந்த முழிச்சானுங்களாம். இவன், நைனா லாரிக்குப் பண்ணுவாரே, அதே மாதிரி சாக்கை நனைச்சு பம்பு மேல சுத்துனானாம். சும்மா ஜம்முனு கிளம்பிச்சாம். அதுலேர்ந்து தெனமும் கிளம்பும்போதே ஈரச்சாக்கோட போறானாம். மத்தவனுங்களுக்கும் கத்துக் குடுத்துட்டானாம். இந்த வருஷம் வண்டி நிக்கவே இல்லன்னு பெரிய ஆபீசரு முதுகுல தட்டுனாராம்.

பாத்தியாடா? லாரியில கெடந்த புள்ள. நீ டிப்ளமா படிச்சு பண்ணாததை அவன் ஒரு சாக்குல பண்ணிட்டான். கோச்சுக்காத, கிண்டலுக்குச் சொன்னேன்.

அவனுக்குப் பொண்ணு பாக்கலாம்னு இருக்கேன். வேப்பம்பட்டுல ரத்னான்னு ஒரு பொண்ணு, லட்சணமா கீது.

கனகாம்பாள்


முகாம், ராஜஸ்தான்
20-7-1970

அக்கா,

உன் கடிதம் வந்த அன்று நான் சாப்பிடவில்லை. உனக்கு இது புரியுமா தெரியவில்லை. வேறு யாரிடம் சொல்வது என்றும் தெரியவில்லை.

இந்த வருஷம் என் கோடு நன்றாக ஏறியிருந்தது. குழாயை மாற்றியதால்தான் என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். மேலதிகாரி ஜிலேபி வாங்கிக் கொடுத்தார். நானே என் கையால் "கோளாறு நீங்கிவிட்டது" என்று எழுதினேன். குழாய் ஒன்றும் செய்யவில்லை அக்கா. எல்லாம் உன் மகனுடைய சாக்கு.

எங்களிடம் ஒரு விதி உண்டு. வண்டி நின்றாலும், ஓட்டுநர் தன் கையாலேயே அரை மணிக்குள் சரிசெய்து கிளப்பிவிட்டால் அது கோளாறுக் கணக்கில் வராது. ஒரு திருகு கழன்றதற்கும் ஒயர் அறுந்ததற்கும் போட்ட விதி. துலுக்காணம் அரை மணி எல்லாம் எடுத்துக்கொள்வதில்லை. சாக்கைக் கட்டிக்கொண்டே கிளம்புகிறவனுக்கு வண்டி நிற்கப்போவதே இல்லை. அதனால் என் தாளில் எதுவும் ஏறவில்லை.

அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "இதுல இன்னா மாமா கீது, எந்த லாரிக்காரனும் பண்றதுதானே. வண்டி ஓடணும்னுதானே என்னை இட்டாந்தே?" என்றான். அவன் மேல் என்ன தப்பு? நல்ல ஓட்டுநர் அப்படித்தான் செய்வான். வண்டி நிற்க வேண்டும், நின்றால்தான் எங்களுக்கு வேலை என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

மேலதிகாரியிடம் போனேன். சாக்கு இல்லாமல் மறுபடியும் ஓட்ட வேண்டும், பம்பை இஞ்சினை விட்டுத் தள்ளி வைக்க வேண்டும் என்றேன். வெயில் காலம் முடிந்துவிட்டது, இனி அடுத்த மே மாதம்தான், அதுவரை யார் காத்திருப்பார்கள் என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, "சாக்குதானே, வண்டிக்கு ஒன்று கொடுத்துவிடலாம்" என்றார். கேலி என்று நினைத்தேன். வண்டியோடு தரவேண்டிய சாமான்களில் ஜாக்கி, ஸ்பேனர்களுக்குக் கீழே "சாக்கு, ஒன்று" என்று இப்போது டைப் அடித்தே வந்துவிட்டது.

பாலைவனத்தில் சாக்கு கிடைக்கும். அதை நனைக்கத் தண்ணீருக்கு எங்கே போவது? நான் விடப்போவதில்லை. மேலே எழுதப்போகிறேன்.

மணவாளன்


கும்மிடிப்பூண்டி
5-8-1970

மணவாளா,

உனக்கு இன்னாடா பேஜாரு புடிச்சிகிது? வண்டி ஓடுதுன்னு எல்லாரும் சந்தோசமா கீறாங்க. நீ மட்டும் ஓடலன்னு சாதிக்கிறே. நீ மேலே எழுதுனா அந்தச் சாக்கைப் போட்டவன் யாருன்னு கேப்பாங்க. எம் புள்ள பேரு அடிபடும். ஏமாத்திட்டான்னு சொல்லி அவனைப் பார்டருக்கு அனுப்பிட்டாங்கன்னா நீ வந்து பதில் சொல்வியா?

அவனுக்குக் கையில ஒரு கோடு போட்டு லேன்ஸ் நாயக்குன்னு பட்டம் குடுக்கப் போறாங்களாம். வேப்பம்பட்டுக்காரங்க அதைக் கேட்டுத்தான் சரின்னு தலையாட்டிகிறாங்க. இந்த நேரத்துல ஊரு நியாயம் பேசி எம் வயித்துல மண்ணைப் போடாத. உன்னைக் கையெடுத்துக் கும்புடுறேன். சும்மா இரு.

கனகாம்பாள்


பூனா
14-2-1971

அக்கா,

மேலே இருக்கும் ஊர்ப்பெயரைப் பார்த்துத் திகைத்திருப்பாய். என்னை மாற்றிவிட்டார்கள். இங்கே எனக்கு வண்டியும் இல்லை, மணலும் இல்லை. பழைய காகிதங்களுக்கு எண் போடுகிற வேலை.

நீ சும்மா இரு என்றாய். என்னால் இருக்க முடியவில்லை. இரண்டு முறை எழுதினேன். முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. இரண்டாவது கடிதத்துக்கு இந்த மாற்றல் உத்தரவு வந்தது. துலுக்காணத்தின் பெயரை எங்கேயும் எழுதவில்லை, அதை மட்டும் நம்பு. அவன் மீது யாருக்கும் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால்கூட நல்லது என்று இப்போது தோன்றுகிறது.

வண்டி தேறிவிட்டது என்று முடிவு செய்து, முதல் தொகுதியை மேற்கு எல்லையில் இருக்கும் ஒரு படைப்பிரிவுக்குக் கொடுத்துவிட்டார்கள். புது வண்டி என்பதால், அதை நன்றாக அறிந்த ஓட்டுநர்களையும் கூடவே அனுப்ப வேண்டுமாம். முதலில் எழுதிய பெயர் லேன்ஸ் நாயக் துலுக்காணம். கெட்டிக்காரன், வண்டியின் நாடி தெரிந்தவன் என்று மேஜரே சிபாரிசு செய்திருக்கிறார்.

எல்லைக்குப் போகாமல் இருக்க வேண்டும் என்றுதான் நான் அவனை அந்த வண்டியில் ஏற்றினேன். அதே வண்டி அவனை அங்கே கொண்டுபோய்விட்டது. யாரிடம் போய் என்ன கேட்பேன்? எனக்குத் தெரிந்த மேஜர்கள் எல்லாம் இப்போது என்னைப் பார்த்தால் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள்.

நீ திட்டி எழுது. பேசாமல் மட்டும் இருக்காதே.

மணவாளன்


கும்மிடிப்பூண்டி
20-10-1971

மணவாளா,

உன் கடுதாசி வந்து எட்டு மாசமா பதில் எழுதல. எழுதி இன்னா ஆவப்போவுதுன்னு இருந்துட்டேன். இப்ப கடையாண்ட வர்ற எல்லாரும் சண்டை வரும், சண்டை வரும்னு பேசிகினு கீறாங்க. ராத்திரியில ரயில் ரயிலா பட்டாளத்து சாமான் போவுதாம். கடையில ரேடியோ வெச்சிகிறேன். நியூஸ் வந்தா தோசை தீயுறது கூடத் தெரியல.

அவன் கடுதாசியில ஒண்ணும் எழுத மாட்டேங்கிறான். நல்லா கீறேன், நல்லா கீறேன்னே எழுதுறான். உன்னை ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன். சுத்தி வளைக்காம, கோடு, கட்டம்னு சொல்லாம பதில் சொல்லு. எம் புள்ள ஓட்டுற வண்டி நிக்குமா, நிக்காதா?

கனகாம்பாள்


பூனா
2-11-1971

அக்கா,

உன் கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்து நாலு தாளைக் கிழித்துப் போட்டேன்.

நூறு வண்டிகளை ஒரு மே மாத மத்தியானத்தில் கிளப்பினால், சாயங்காலத்துக்குள் சுமாராக எத்தனை நிற்கும் என்று என்னால் சொல்ல முடியும். எது நிற்கும் என்று சொல்ல முடியாது. நான் படித்தது, இத்தனை வருஷம் வெயிலில் வெந்தது எல்லாம் அந்த அளவுக்குத்தான். உனக்கு நூறு வண்டி எதற்கு? உன் மகன் ஓட்டுவது ஒன்றுதான். அந்த ஒன்றைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. உன்னை விட ஒரு துளியும் அதிகமாகத் தெரியாது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஒரே ஒரு ஆறுதல் சொல்கிறேன். இது பொய்யில்லை. அந்தக் கோளாறு வெயிலால் வருவது. இப்போது அங்கே குளிர்காலம் தொடங்கிவிட்டது. மார்கழியில் அந்த மணல் நம் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் மாதிரி ஜில்லென்று இருக்கும். பம்பு சூடாகாது. சண்டை வந்தாலும் குளிர்காலத்தோடு முடிந்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொள். நானும் வேண்டிக்கொள்கிறேன். நான் சாமி கும்பிடாதவன் என்று உனக்குத் தெரியும்.

மணவாளன்


கும்மிடிப்பூண்டி
10-1-1972

டேய் மணவாளா,

உசிரோட கீறான்டா! அவன் கையெழுத்துலயே கடுதாசி வந்துபூட்ச்சி. ஒரு கீறல் இல்லையாம். சண்டை முடிஞ்சி, இவங்க புடிச்ச எடத்துலயே கூடாரம் போட்டுகினு கீறாங்களாம். நான் கடையில இருந்தவனுக்கெல்லாம் காசு வாங்காம கேசரி குடுத்தேன்.

உன் வண்டி நின்னுதாடா? நிக்கல பாரு! எத்தினி பயம் காட்டுனே நீ. சும்மா குதிரை மாதிரி ஓடிச்சின்னு எழுதிகிறான். பயந்து பயந்தே நீ பாதி ஆளாயிட்டே. போய் ஒழுங்கா சாப்புடு.

சண்டை நடந்தப்ப அம்மனுக்கு வேண்டிகினேன். அவன் முழுசா திரும்பி வந்தா, ஆடி மாசம் பெரியபாளையத்துல அம்மாவும் புள்ளையுமா வேப்பஞ்சேலை கட்டிகினு கோயிலைச் சுத்தி வர்றோம்னு. மேலுக்கு வேப்பிலையை மட்டும் சுத்திகினு, ரெண்டு பேரும் அவ முன்னாடி நிக்கணும். அது முடிஞ்சி ஆவணியில கல்யாணம். வேப்பம்பட்டுல சொல்லிட்டேன். ரத்னா அப்பா ஆதிநாராயணன் பந்தலுக்கே ஆள் பாத்துட்டாரு. நீ ஆடியிலயே லீவு போட்டு வந்துடணும்.

கனகாம்பாள்


பூனா
6-3-1972

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சந்தோஷமாக இருக்கும்போது இதை எழுத எனக்கு மனமில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

துலுக்காணத்தின் பிரிவு இன்னும் அந்தப் பாலைவனத்தில்தான் இருக்கிறது. எப்போது திரும்புவார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. வெயில் வருகிறது அக்கா. சித்திரை கடைசியிலிருந்து ஆனி வரை அங்கே என்ன வெயில் என்று நான் இரண்டு வருஷம் பார்த்தவன். இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். அந்த வண்டி குளிரில் ஓடியதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. பம்பு இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது.

அவனுக்கு இரண்டு மாத லீவு பாக்கி இருக்கிறது. அதை வைகாசி பிறக்கும்போதே எடுத்துக்கொண்டு வரச் சொல். கல்யாணத்தை வைகாசியில் வைத்துவிடு. ஆதிநாராயணனிடம் நானே எழுதுகிறேன். நான் அவனுக்கு எழுதினேன். "அம்மா ஆடின்னு சொல்லிட்டாங்க மாமா" என்று பதில் போட்டிருக்கிறான். நீ சொன்னால்தான் கேட்பான். என்னால் முடிந்தது இது ஒன்றுதான். தயவுசெய்து மறுக்காதே.

மணவாளன்


கும்மிடிப்பூண்டி
20-3-1972

மணவாளா,

நீ மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா? போன தடவையும் இப்படித்தான் நிக்கும் நிக்கும்னே. சண்டையிலயே நிக்காத வண்டி இப்பவா நிக்கப் போவுது?

அம்மனுக்குக் குடுத்த வாக்கு இது. குண்டு மழையிலேர்ந்து அவ எடுத்துக் குடுத்த புள்ளைடா. வேப்பஞ்சேலை கட்டாம பந்தக்கால் நட மாட்டேன். வைகாசியில லீவு எடுத்துட்டா ஆடியில எவன் குடுப்பான்? கல்யாணம் ஆவணிதான். பத்திரிகை கூட எழுதிட்டோம்.

வெயிலு வெயிலுங்கிறே. அந்த வண்டியை எப்படி ஓட்டணும்னு அவனுக்குத்தான் தெரியுமே. சாக்கு கீது, கையி கீது. அவன் லாரிக்கார அப்பாவு மவன்டா. அவங்க நைனா ஓட்டுன வண்டி எந்த வெயில்ல நின்னுது?

கனகாம்பாள்


பூனா
17-9-1972

அக்கா,

ஊருக்கு வந்திருந்த நாட்களில் நீ என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் இருந்த பக்கம் திரும்பவும் இல்லை. பேச வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் ஆனி மாதத்து அந்த மத்தியானத்தில் என்ன நடந்தது என்று தந்தியில் இல்லை. இப்போது தெரிந்துகொண்டேன். உனக்குச் சொல்லாமல் இருக்க எனக்கு உரிமை இல்லை.

இங்கே ஆஸ்பத்திரியில் ஜோசப் என்று ஒரு பையன் இருக்கிறான். நம் பழவேற்காட்டுப் பக்கம். துலுக்காணத்தோடு ஒரே கூடாரம். அன்று ஜோசப்புக்கு வயிற்றுக்குள் குடல்வால் வெடிக்கிற நிலை. உடனே டாக்டரிடம் கொண்டுபோகாவிட்டால் பிழைக்க மாட்டான். மத்தியானம் வண்டி எடுக்கக் கூடாது என்று உத்தரவு இருந்தும், துலுக்காணம் நான் போகிறேன் என்று கிளம்பியிருக்கிறான்.

பாதி வழியில் இஞ்சின் இருமத் தொடங்கியது. சாக்கை நனைத்துப் போட்டான். அந்த வெயிலில் கொஞ்ச தூரத்துக்குள் சாக்கு அப்பளம் மாதிரி காய்ந்துவிடும். மறுபடியும் இறங்கி நனைத்தான். டின்னில் இருந்த தண்ணீர் தீர்ந்தது. பிறகு வண்டி முன்னால் தொங்கிய குடிதண்ணீர்ப் பையை எடுத்தான். ஜோசப் வலியிலேயே கத்தியிருக்கிறான், "நீ குடிடா மொதல்ல" என்று. "கிட்ட வந்துட்டோம்டா, போய்க் குடிச்சுக்கலாம். இது நின்னா நீ பூடுவே" என்றானாம். அந்தப் பையையும் பம்புக்கே ஊற்றிவிட்டான். வண்டி போய்ச் சேர்ந்தது. ஜோசப்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடியிருக்கிறார்கள். துலுக்காணம் ஸ்டியரிங்கில் தலையை வைத்திருந்ததைப் பார்த்துக் களைப்பில் தூங்குகிறான் என்று விட்டுவிட்டார்கள். வந்து தொட்டபோது உடம்பு நெருப்பாக இருந்ததாம்.

ஜோசப் இதைச் சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

இதைக் கோளாறுக் கணக்கில் ஏற்ற வேண்டும் என்று எழுதினேன். பதில் வந்தது. வண்டி சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்துவிட்டது, ஏற்றி வந்த நோயாளியும் பிழைத்துவிட்டான், வழியில் நின்றதை எல்லாம் ஓட்டுநரே சரிசெய்திருக்கிறார், ஆகவே வண்டியில் கோளாறு எதுவும் இல்லை என்று. ஓட்டுநர் வெயில் தாக்கி இறந்தது வேறு இலாகாவாம். என் விதியையே எனக்குப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். நான் அந்தக் காகிதத்துக்கு எண் போட்டு அடுக்கில் வைத்தேன். அதுதானே இப்போது என் வேலை.

மணவாளன்


பூனா
4-2-1973

அக்கா,

நீ பதில் போடவில்லை. போட வேண்டாம். இதை மட்டும் தெரிந்துகொள்.

பம்பை மாற்றிவிட்டார்கள். இஞ்சினை விட்டுத் தள்ளி, நடுவில் ஒரு தகடு வைத்து, புதுக் குழாய் போட்டிருக்கிறார்கள். இனி அந்தக் கோளாறு வராது. நான் எழுதியதாலோ, உன் மகனாலோ இல்லை. போன அக்டோபரில் ஏதோ ஒரு விழா. மிகப் பெரிய அதிகாரி ஒருவர் அந்த வண்டியில் நின்றபடி அணிவகுப்பைப் பார்த்துக்கொண்டு வந்தார். புழுக்கமான நாள். வண்டி நடுமைதானத்தில் நின்றுவிட்டது. ஓட்டுநர் புதியவன், சாக்கு விஷயம் தெரியாதவன். விழாவுக்கு அசிங்கமாக இருக்கும் என்று சாக்கையும் எடுத்துவிட்டிருந்தார்கள். எல்லோர் கண்ணிலும் படும்படி, அரை மணிக்கு மேல் நின்றது.

அது கணக்கில் ஏறிவிட்டது. மாற்ற உத்தரவு அந்த வாரமே வந்தது. ஒரு தகடும் கொஞ்சம் குழாயும்தான் அக்கா. அவ்வளவு சின்ன வேலை.

மணவாளன்


கும்மிடிப்பூண்டி
14-5-1973

மணவாளா,

உன் ரெண்டு கடுதாசியும் வந்துது. படிச்சேன்.

உனக்கு வேறமாதிரி யோசனை வந்துடப் போவுதுன்னுதான் இப்ப எழுதுறேன். உம் மேல எனக்குக் கோவம் இல்லடா. ஊருக்கு வந்தப்ப உன்னைப் பாக்காம இருந்தது கோவத்துல இல்ல. வைகாசியில வரச் சொல்லுன்னு நீ எழுதினே, தயவுசெய்துன்னு வேற எழுதினே. நீ அதைச் சொல்லிக் காட்டிடுவியோன்னு பயந்துகினு மூஞ்சியைத் திருப்பிகினேன். நீ சொல்லல. இந்த ரெண்டு கடுதாசியிலயும் சொல்லல. அதுதான்டா எனக்குத் தாங்க முடியல.

போன ஆடியில பெரியபாளையம் போனேன். வேண்டிகினது வேண்டிகினதுதானே. நான் மட்டும் வேப்பஞ்சேலை கட்டிகினு சுத்தி வந்தேன். அவனுக்குன்னு ஒடிச்சாந்த வேப்பிலையைக் கையில வெச்சிகினே சுத்துனேன். அம்மனை ஒண்ணும் கேக்கல. இன்னா கேக்கிறது? ரத்னாவை வேற எடத்துல குடுத்துட்டாங்க. நல்லா இருக்கட்டும்.

அந்த ஜோசப்பு வந்தான். அவங்க அம்மா ரோசம்மாளையும் இட்டாந்தான். அந்தம்மா என் காலைப் புடிச்சிகினு எழுந்திரிக்கவே இல்ல. அவனுக்கு இட்லி வெச்சேன். சாப்புடுறதைப் பாத்துகினே குந்தினு இருந்தேன். வெறுக்கணும்னு பாத்தேன், முடியல.

நீ எழுதினதுல ஒண்ணு மட்டும் மனசை வுட்டுப் போவ மாட்டேங்குது. எம் புள்ள கையைக் கட்டிகினு நின்னிருந்தா வண்டி நின்னிருக்கும். நின்னிருந்தா நீங்கல்லாம் எழுதியிருப்பீங்க. கெட்டிக்காரனா பொறந்ததால எழுதல. அதுக்கு நீ இன்னா பண்ணுவே, நான் இன்னா பண்ணுவேன்.

இப்ப அக்னி நட்சத்திரம். வெயிலு கொளுத்துது. பழைய பெட்ரோல் லாரிக்காரனுங்க எப்பவும் போல சாக்கை எடுத்துகினு தொட்டியாண்ட வர்றானுங்க. போன வருசம் வரைக்கும் எடுத்துக்கடான்னு சொல்லிட்டு நான் பாட்டுக்கு தோசை ஊத்திகினு இருப்பேன். இப்ப கரண்டியைப் போட்டுட்டு ஓடுறேன். சாக்கைப் புடுங்கி வெச்சிகினு, சொம்புல தண்ணி மொண்டு குடுத்து, குடிச்சு முடிக்கிற வரைக்கும் எதுருல நிக்கிறேன். கெழவிக்குப் பித்துப் புடிச்சிபூட்ச்சின்னு சிரிக்கிறானுங்க.

இன்னிக்கு நெல்லூர்க்காரன் ஒருத்தன் சொம்பை வாங்காம, "வண்டி நின்னுபூட்ச்சிம்மா, லோடு போய்ச் சேரணும், மொதல்ல அதுக்கு ஊத்து"ன்னான். நான் தொட்டியை மறைச்சிகினு நின்னேன்.

"வண்டி நிக்கட்டும்டா, நீ குடி"ன்னேன்.

கனகாம்பாள்